சேர்க்கைக்கு வரவேற்பு, வாடகைக்கு மறுப்பு

பூந்தமல்லி–ஆவடி சாலையில், பருத்திப்பட்டைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் மாணவர்கள் படிக்க வருகிறார்கள். விடுதியை விட்டு வெளியேறி வீடு தேடும்போதுதான் இந்த ஊரின் முகம் அவர்களுக்குத் தெரிகிறது. நம் பையன்களிடம் ‘பேச்சிலருக்குத் தர்றதில்லை’ என்று காரணமாவது சொல்வார்கள். ஆப்பிரிக்க மாணவருக்கு அந்தச் சாக்குகூடக் கிடைப்பதில்லை.

நிறவெறி இதில் இருக்கிறது. பூசி மெழுக வேண்டியதில்லை. கூடவே ஒரு பயமும் உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு இணையவழியில் தகவல் தர வேண்டும். மாடி வீட்டை வாடகைக்கு விடும் ஓய்வூதியக்காரர், ‘போலீஸ் வம்பு நமக்கெதுக்கு’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

வெளியூர்க்காரர் ஆவடிக்குப் புதியவரல்லர். 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தபோது மலையாளிகளும் தெலுங்கர்களும் வட இந்தியர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களை ஒட்டவைத்தது நம் பெருந்தன்மை மட்டுமல்ல. அரசு குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்தது. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள். ஒரே ஷிப்ட்டில் வேலை நடந்தது. பழக்கம் பிறகு தானாக வந்தது. வெளிநாட்டு மாணவருக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. பல கல்லூரிகள் அவர்களைத் தனி விடுதியில் வைத்துவிட்டு, ஆண்டுக்கொருமுறை கலாச்சார விழாவில் மேடையேற்றுகின்றன.

பழக்கம் இல்லாத இடத்தில் வதந்தி புகுந்துவிடும். 2016 ஜனவரியில் பெங்களூரில் சூடானியர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். சற்று நேரம் கழித்து அவ்வழியே வேறொரு காரில் வந்த தான்சானிய மாணவியைக் கும்பல் தாக்கியது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவரின் மரணத்தையொட்டி நைஜீரிய மாணவர்கள் வணிக வளாகத்திலேயே அடிபட்டார்கள்.

‘ஸ்டடி இன் இந்தியா’ என்று மத்திய அரசு 2018-லேயே அழைப்பு விடுத்தது. 2021–22 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் சுமார் 47 ஆயிரம் பேர்தான். வெளிநாடுகளில் படிக்கும் நம் பிள்ளைகளோ 13 லட்சத்துக்கும் மேல். 2009-ல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டபோது நாம் கொதித்தது நியாயம். அதே நியாயத்தை நம் தெருவில் வீடு கேட்டு நிற்பவரும் எதிர்பார்க்கலாம்.

கட்டணம் வாங்கும் கல்லூரியே வாடகை ஒப்பந்தத்தில் பொறுப்பேற்கட்டும். குடியேற்ற அதிகாரிகளுக்குத் தர வேண்டிய தகவலையும் வீட்டு உரிமையாளர் சார்பில் தானே பதிவு செய்து கொடுக்கட்டும். விடுதி அறைகளில் உள்ளூர் மாணவரையும் வெளிநாட்டு மாணவரையும் சேர்த்தே தங்க வைக்கட்டும். முதல் பருவத்தில் பேச்சுத் தமிழ் வகுப்பு நடத்தட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த சேர்க்கையிலேயே தொடங்கிவிடலாம்.