துண்டு போட்டாங்க, படி போடல

போன மாசம் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். சம்பளம் அதேதான்.

மாமல்லபுரம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருசமாகத் தமிழ் சொல்லித்தருகிறேன். தாளாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். டீ வந்தது. "இனிமே நீங்கதான் சார் தமிழ்த் துறைத் தலைவர். உங்க ஆளுங்கள்ல இந்த இடத்துக்கு வர்ற முதல் ஆள் நீங்கதான்" என்றார். 'உங்க ஆளுங்க' என்று சொல்லும்போது குரலில் அப்படி ஒரு தாராளம். சம்பளம் என்ன சார் என்று கேட்டேன். "பணத்தப் பாக்காதீங்க, கௌரவத்தப் பாருங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையை மறைக்க வேண்டாம். அன்று ராத்திரி எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கதவில் பெயர்ப் பலகை, பெயருக்குப் பின்னால் எம்.ஏ., அதற்குக் கீழே 'துறைத் தலைவர்' என்று மனசு எழுதிப் பார்த்தது. காலங்காலமாக 'டேய்' என்றே கூப்பிடப்பட்டவன் வீட்டுப் பிள்ளைக்கு 'சார்' என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்பது கூப்பிடுகிறவனுக்குத் தெரியும். நம்முடைய அந்தப் பசியை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது.

மறுநாள் அந்தக் கௌரவத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். ஐந்து ஆசிரியர்களின் பாடக்குறிப்பைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் வராத வகுப்புக்கு ஆள் போட வேண்டும், கிடைக்காவிட்டால் நானே ஓட வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினாலும் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை முழுநாளும் பள்ளியில் கிடக்க வேண்டும். என்னென்ன இல்லை? ஒருவருக்கு அரைநாள் லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை. நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கும் அதிகாரம் இல்லை. அஞ்சு பைசா இல்லை. எங்கள் சேரியில் சனிக்கிழமை சாயங்காலம் முப்பது பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி நடத்துகிறேன். அந்தச் சனிக்கிழமையையும் சேர்த்துத்தான் விலையில்லாமல் கேட்கிறார்கள்.

இது புதுசு இல்லை, தோழர்களே. கிராமம் நமக்கு எப்போதும் பதவி கொடுத்தே வந்திருக்கிறது. 'வெட்டி' என்றால் கூலியில்லாத உழைப்பு. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அந்தச் சொல் கிடக்கிறது. வெட்டியான் என்ற பேருக்குள்ளும் அந்த வெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. கூலியில்லாத வேலைக்கு ஒரு 'ஆன்' விகுதி சேர்த்தால் பதவி. சாவுச் சேதி சொல்ல, பிணம் எரிக்க, காவல் காக்க ஆளுக்கொரு பேர். பேர் இருந்ததால் அது சேவகமாச்சு. சேவகமானதால் கூலி கேட்பது துரோகமாச்சு.

எங்க தாத்தா செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் படியாளாக இருந்தவர். படி நெல்லுக்கு உழைத்ததால் படியாள். ஒரு அறுப்புக் காலத்தில் பண்ணையார் அவரைக் கூப்பிட்டு, "இனிமே ஆளுங்களுக்கெல்லாம் நீதான்டா பெரியவன்" என்று தோளில் ஒரு புதுத் துண்டைப் போட்டாராம். அதிலிருந்து விடியற்காலம் சேரியை எழுப்புவது தாத்தா வேலை. ஒருத்தன் வராவிட்டால் அவன் வூட்டாண்ட போய் நின்று கத்துவதும் தாத்தா. அவன் ஓடிப்போனால் அடி வாங்குவதும் தாத்தா. சேரிக்காரன் ஏச்சு ஒரு பக்கம், பண்ணையார் அடி ஒரு பக்கம். அளந்து போட்ட நெல் மட்டும் அதே அளவு. ஆயா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் காறித் துப்பும்: "துண்டு போட்டாங்க, படி போடல. துண்டத் துன்ன முடியுமாடா?"

அந்தத் துண்டு இன்றைக்கும் நெய்யப்படுகிறது. 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் தமிழக அரசு 2020இல் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. கொரோனாக் காலத்தில் அவர்கள் காலைக் கழுவினார்கள், மாலை போட்டார்கள், முன்களப் பணியாளர் என்றார்கள். 2025 ஆகஸ்டில் அதே தூய்மைப் பணியாளர்கள் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்கு விட்டதால் ஏறக்குறைய 23 ஆயிரமாக இருந்த சம்பளம் 17 ஆயிரத்துக்கும் கீழே இறங்கும் என்று சொன்னார்கள். வேலையை நிரந்தரமாக்கு என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியது. பெயர் ஏறியது, கூலி இறங்கியது. மாலை போட்ட கை எங்கே போச்சு?

இந்த மாவட்டத்துக்காரனுக்கு இன்னொன்றும் தெரியும். செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் நிலம் கொடுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்றார்கள். தாளில் கொடுத்தார்கள், கையில் எவ்வளவு நின்றது? அந்த நிலத்தைக் கேட்டு 1994இல் காரணையில் போராட்டம் வெடித்தது. அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். காரணை எங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். தாளில் கொடுக்கப்படும் எதையும் நாம் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது இந்த மண் ரத்தம் கொடுத்துக் கற்ற பாடம்.

நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "நீ வேணாம்னா அந்த நாற்காலி அவனுக்குப் போவும். நம்மாளுக்குத் தகுதி இல்லன்னு சொல்லுவான். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், நியமன உறுப்பினர் பதவி எனக்கு எதுக்குன்னு ஒதுங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். லேசாகத் தள்ளிவிட முடியாத கேள்வி. நம் பிள்ளைகள் நம்மவரை நாற்காலியில் பார்க்க வேண்டும்தான். ஆனால் சீனிவாசன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தார்? பொதுச் சாலையிலும் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த நாற்காலிக்கு வாய் இருந்தது. எனக்குக் கொடுக்கும் நாற்காலிக்கு முதுகு மட்டும்தான் இருக்கிறது, மூட்டை ஏற்றுவதற்கு. இரண்டையும் ஒன்றென்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்காரவைத்தார்களே, அவரிடம் கேட்டுப் பாருங்கள், பதவி என்றால் என்ன என்று.

இன்னொரு சூதும் இதில் உண்டு. எங்க அம்மா கடற்கரை விடுதி ஒன்றில் அறை பெருக்குகிற வேலை பார்த்தது. ஒருநாள் வேறு கலர் புடவை கொடுத்து 'சூப்பர்வைசர்' என்றார்கள். சம்பளம் ஏறவில்லை. அடுத்த மாசம் மற்ற பெண்கள் கூலி கேட்டு நின்றபோது, "நீ நிர்வாகத்து ஆளு, அங்க நிக்காத" என்றார்கள். கூட்டத்திலிருந்து ஒருத்தியைப் பிரிக்க ஆன செலவு ஒரு புடவை. ஆசிரியனுக்கு அந்தப் புடவையும் வேண்டாம். தொழிற்தகராறுச் சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது. நாம் 'குரு'வாம். குருவுக்கு எதுக்குக் கூலி?

அதே உச்ச நீதிமன்றம் 1998இல் வேறொன்றும் சொன்னது. அந்தமானில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரைச் சாரணர் பிரிவுச் செயலாளர் வேலையைப் பார்க்க வைத்தார்கள். முறையான பதவி உயர்வு இல்லை என்று மேல் சம்பளத்தை மறுத்தார்கள். அந்த வேலையைப் பார்த்த காலத்துக்கு அந்தப் பதவிக்குரிய சம்பளத்தைக் கொடு என்றது தீர்ப்பு. அவர் அரசு ஊழியர். என் பள்ளித் தாளாளரை அந்தத் தீர்ப்பு நேராகக் கட்டாது. ஆனால் நியாயம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். வாயால் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்தேன். இந்தப் பொறுப்புக்கு இவ்வளவு சம்பளம், இன்னின்ன அதிகாரம், சனிக்கிழமை எனக்குச் சொந்தம். மூன்றையும் ஆணையில் எழுதிக் கொடுத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் தமிழாசிரியனாகவே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் டீயும் வருவதில்லை. வேலைக்கே ஆபத்து வரலாம் என்று வீட்டில் பயம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அது இல்லை என்று வீரம் பேசமாட்டேன்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று. நாளைக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். பொறுப்பாளர், ஒருங்கிணைப்பாளர், தலைவர் என்று விதவிதமாகத் துண்டு வைத்திருக்கிறார்கள். கூலி எவ்வளவு, அதிகாரம் எது, யாரிடமிருந்து என்னைப் பிரிக்கிறாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லை விடுங்கள்.

நம் இயக்கங்களையும் இந்தக் கேள்வி விடாது. மகளிர் அணிச் செயலாளர் என்று நோட்டீசில் பேர் போடுகிறோம். மாநாட்டுக்கு வர அந்த அம்மாவுக்குப் பஸ் காசு கொடுத்தோமா? மேடையில் பேசவிட்டோமா, இல்லை சமையல் பக்கம் அனுப்பினோமா? தாளாளரைக் கேட்ட வாயால் நம்மையும் கேட்க வேண்டும். நாம் யார் யார் தோளில் துண்டு போட்டிருக்கிறோம் என்று அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து கணக்கெடுப்போம்.