தேக்கடிப் படகு: 45 உயிர்களைப் பறித்தது விதியா?

கீழ்பென்னாத்தூரில் கடல் இல்லை. கப்பலும் இல்லை. ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் புறப்படும் பக்தர்கள் இங்கே உண்டு. குமுளி வழியாகப் போகிறவர்கள், "பக்கத்தில்தானே தேக்கடி, படகில் ஒரு சுற்று போய் வருவோமே" என்று ஆசைப்படுவது சகஜம். ஆகவே தேக்கடிப் படகு விபத்து நமக்கு அயலூர்க் கதை அல்ல.

2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி. மாலை நேரம். 'ஜலகன்யகா' என்ற இரண்டு தட்டுப் படகு பெரியாறு ஏரியில் போய்க்கொண்டிருந்தது. கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான புதிய படகு அது. திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள். வேடிக்கை பார்க்கப் போன குடும்பங்கள் வீடு திரும்பவில்லை.

யார் குற்றம்?

"கரையில் விலங்குகளைக் கண்டதும் பிரயாணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள். அதனால்தான் கவிழ்ந்தது" என்று அப்போது பலர் சொன்னார்கள்.

இது நியாயமா? யோசித்துப் பாருங்கள். தேக்கடிக்கு மக்கள் எதற்காகப் போகிறார்கள்? யானையையும் காட்டெருமையையும் பார்க்கத்தானே! யானை தெரிந்தால் குழந்தை எழுந்து ஓடத்தான் செய்யும். தாய் பின்னாலேயே போகத்தான் செய்வாள். அதைத் தாங்காத படகை அந்த ஏரியில் விட்டது யார்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நீதிபதி மொய்தீன் குஞ்சு கமிஷன் விசாரணை நடத்தியது. படகின் அமைப்பிலேயே கோளாறு இருந்தது, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும் தவறு என்று தெரியவந்தது.

கரும்பு வண்டி சொல்லும் பாடம்

படகு எப்படிக் கவிழ்கிறது? நம் ஊர் வண்டிக்காரருக்கு இது தெரிந்த சங்கதிதான். பாரம் அடியில் இருந்தால் வண்டி நிதானமாகப் போகும். கரும்பை உயர உயர அடுக்கினால், சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் குடை சாய்ந்துவிடும்.

படகும் அப்படித்தான். மாடியில் ஆட்கள் கூடக் கூடப் பாரம் மேலே ஏறுகிறது. லேசாகச் சாய்ந்தாலும் நிற்பவர்கள் அந்தப் பக்கமே சரிகிறார்கள். சாய்வு இன்னும் அதிகமாகிறது. அந்த நேரத்தில் படகைச் சட்டென்று திருப்பினால் ஆபத்து இரட்டிப்பு!

டைட்டானிக்கும் இதே கதைதான்

1912-ம் ஆண்டு ஏப்ரலில் பனிப்பாறையில் மோதி மூழ்கிய டைட்டானிக் கப்பலை எல்லோரும் அறிவார்கள். கப்பலின் உள்ளே இருந்த தடுப்புச் சுவர்களுக்குப் போதிய உயரம் இல்லை. ஒரு அறை நிரம்பியதும் தண்ணீர் அடுத்த அறைக்கு வழிந்தது. பனிப்பாறை இருப்பதாக எச்சரிக்கைகள் வந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். உயிர்காக்கும் படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடம். சட்டம் கேட்டதைவிட அதுவே அதிகம்! சட்டம் பழையது, கப்பல் புதியது. சுமார் 1,500 பேர் பலியானார்கள். அதன் பிறகுதான், 1914-ல், கப்பலில் உள்ள எல்லோருக்கும் படகில் இடம் வேண்டும் என்று பல நாடுகள் லண்டனில் கூடி முடிவு செய்தன.

அங்கே ஒரு பெருந்துயரம் சட்டத்தை மாற்றியது. இங்கே என்ன நடந்தது? தேக்கடிக்குப் பிறகும், 2023-ம் ஆண்டு மே 7-ந் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில் ஒரு படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள். அதில் அளவுக்கு மீறிக் கூட்டம். 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

நாம் செய்ய வேண்டியது

இதை விதி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொள்வதில் பயனில்லை. படகின் கதி பாதி, அதைக் கட்டும் பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி டிக்கெட் கொடுக்கும் இடத்தில் முடிவாகிறது. எல்லோரும் ஒரே பக்கம் வந்து நின்றாலும் தாங்குமா என்று சோதிக்காமல் எந்தப் படகையும் தண்ணீரில் இறக்க அனுமதிக்கக் கூடாது. அரசாங்கப் படகானாலும் சரி, தனியார் படகானாலும் சரி, சட்டம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் எண்ணைப் படித்துவிடலாம். கூட்டம் அதற்கு மேல் இருந்தால் ஏறாதீர்கள். மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிக் குழந்தைக்கு முதலில் மாட்டுங்கள். "சட்டை இல்லை" என்றால் இறங்கிவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும். யானையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்!