மோவானா 2: பெரிய கடல், அவசரப் பயணம்

ஒரு சின்னப் பரீட்சை. 'மோவானா 2' பார்த்தவர்கள், அந்தப் படகில் மோவானாவோடு கிளம்பிய மூன்று மனிதர்களின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். மாவுயி நடுவில் வந்து சேர்ந்தவர், அவர் கணக்கில் இல்லை. பன்றிக்குட்டியும் கோழியும் செல்லாது!

நிறையப் பேருக்கு ஞாபகம் வராது. விடை: லோட்டோ, மோனி, கெலே. லோட்டோ படகு கட்டுகிறவள். மோனி பழங்கதைகள் சொல்பவன், மாவுயியின் தீவிர ரசிகன். கெலே எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கும் வயதான விவசாயி. படம் இவர்களைப் பற்றிச் சொல்வதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆனது? 2020 டிசம்பரில் டிஸ்னி அறிவித்தது இந்தப் படத்தை அல்ல, டிஸ்னி பிளஸ்ஸில் வரவேண்டிய ஒரு தொடரை. அது தியேட்டருக்கான படமாக மாறுகிறது என்ற செய்தி வந்தது 2024 பிப்ரவரியில். அந்த வருடம் நவம்பர் மாதமே ரிலீஸ்! தொடராக வந்திருந்தால் கெலேவுக்கு ஒரு எபிசோட், லோட்டோவுக்கு ஒரு எபிசோட் என்று கிடைத்திருக்கலாம். 100 நிமிடப் படத்தில் ஆளுக்கு இரண்டு ஜோக்தான் மிச்சம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முதல் படம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. கடலில் வேறு மனிதர்களே இல்லையா என்று மோவானா தேடிக்கொண்டிருக்கிறாள். மோட்டுஃபேட்டு என்று ஒரு தீவு, ஒரு காலத்தில் எல்லாத் தீவு மக்களையும் இணைத்தது. புயல் கடவுள் நாலோ அதைக் கடலுக்குள் மூழ்கடித்துவிட்டான். அதைக் கண்டுபிடித்துச் சாபத்தை முறிக்க வேண்டும்.

நல்ல கரு இது. சும்மா கற்பனையும் இல்லை. சமோவா, டோங்கா தீவுகளில் சுமார் 3000 வருடங்களுக்கு முன்பே குடியேறிய மக்கள், அதற்குக் கிழக்கே உள்ள தூரத்துத் தீவுகளுக்குப் போக ஆயிரம் வருடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். ஏன் அத்தனை காலம் நின்றார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களை இன்றும் குடையும் கேள்வி. 2016-ல் வந்த முதல் படம் அந்த இடைவெளியில்தான் தன் கதையைக் கட்டியது. இரண்டாவது படம் அடுத்த கேள்விக்குப் போகிறது. மறுபடியும் கடலில் இறங்கியாயிற்று, சரி, யாரைப் பார்க்க? குழந்தைகள் படத்தில் இப்படி ஒரு கேள்வி வருவதே பெரிய விஷயம். கடைசியில் வேறு வேறு தீவுகளிலிருந்து படகுகள் வந்து சேரும் காட்சி, அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருந்ததற்குப் பலன் தருகிறது.

ஆனால் அந்தத் தீவுக்குப் போகிற வழி? அங்கேதான் படம் சறுக்குகிறது. இந்தக் கடலோடிகளின் பெருமையே கருவி எதுவும் இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் பறவையையும் பார்த்து வழி கண்டுபிடிப்பதுதான். 1976-ல் ஹோக்குலேயா என்ற படகு, மைக்ரோனேசியாவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக் வழிகாட்ட, ஹவாயிலிருந்து தஹிதி வரை அப்படித்தான் போனது. முதல் படத்தில் மோவானா கையை நீட்டி நட்சத்திரத்தை அளக்கப் பழகும்போது, நமக்கும் அதைக் கற்றுக்கொண்ட மாதிரி இருக்கும். இங்கே வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் வந்து 'இந்தப் பக்கம்' என்று காட்டிவிடுகிறது. அவ்வளவு சுலபமாக வழி தெரிந்தால் மாலுமி எதற்கு?

மட்டாங்கி வரும் பகுதி இன்னும் வருத்தம். ராட்சதச் சிப்பிக்குள், வௌவால்களோடு இருக்கும் இவள் வில்லியா தோழியா என்றே தெரியாது. வழி கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவளிடம் 'தொலைந்து போகக் கற்றுக்கொள்' என்று பாடுகிறாள். படத்திலேயே புத்திசாலித்தனமான இடம் இதுதான். ஒரு பாட்டு முடிந்ததும் ஆளைக் காணோம்!

பாட்டு என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். முதல் படத்துக்கு லின்-மானுவல் மிராண்டா, சமோவாவில் பிறந்த ஓபெதாயா ஃபோவாயி, மார்க் மான்சினா மூவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். இதில் மிராண்டா இல்லை. அவர் இடத்தில் அபிகெயில் பார்லோ, எமிலி பேர். கிராமி வாங்கிய இளைஞர்கள், திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் முதல் படத்தின் பாட்டுகளில் மோவானாவின் மனம் பாட்டு முடிவதற்குள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்துவிடும். இங்கே 'பியாண்ட்' பாட்டு அதற்கு முயற்சி செய்கிறது, பாதி ஜெயிக்கிறது. மற்றவை கேட்கும்போது நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான். ஃபோவாயியின் கூட்டுக் குரல் எழும்போது மட்டும் உடம்பு சிலிர்க்கிறது.

படத்தின் உண்மையான பலம் ஒரு குட்டிப் பெண். தங்கை சிமேயா. அக்கா திரும்பி வர எத்தனை நாளாகுமோ என்று பயப்படும் அந்தக் குழந்தையின் முகத்தில் இருக்கும் நிஜம், நாலோவின் இடி மின்னல் எல்லாவற்றையும் விடப் பெரிது. நீர், இரவு வானம், ஈரத் தலைமுடி... வரைகலை வேலையில் ஒரு குறையும் இல்லை.

'இத்தனை குறை இருந்தும் ஓடியதே' என்று கேட்பார்கள். ஓடியது, அதுவும் பிரமாதமாக. சுமார் 15 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க 100 கோடி டாலருக்கு மேல் வசூல். முந்தைய வருடம் புதுக் கதையோடு வந்த 'விஷ்' படத்துக்கு டிஸ்னி கொட்டியது சுமார் 20 கோடி, வசூல் 25 கோடியை ஒட்டித்தான். அதில் தியேட்டர்காரர்கள் பங்கும் போகும். லாப நஷ்டக் கணக்கு பார்த்தால், தொடரைப் படமாக்கியது சரியான முடிவு. அந்தக் கணக்கில் கெலேவும் மட்டாங்கியும் எந்தப் பத்தியிலும் வரமாட்டார்கள். முதல் படத்துக்கு இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, இதற்கு ஒன்றுகூட இல்லை. அதுவும் வராது.

இன்னொன்று. படம் முழுக்க எல்லோரும் பயப்படும் நாலோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், முடிந்து பெயர்கள் ஓடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். காணாமல் போன மட்டாங்கியும் அங்கேதான் திரும்பி வருகிறாள். பாதிப் பேர் அதற்குள் பாப்கார்ன் டப்பாவோடு வாசலைத் தாண்டியிருப்பார்கள்.