மரைன் டிரைவில் சைக்கிளுக்கு ஒரு ஓரம் தாருங்கள்



"கார் விடவே இடமில்லை, இதில சைக்கிளுக்குத் தனிப் பாதையா?" என்று கேட்கும் வெள்ளவத்தை உறவுகளுக்குத்தான் இது.

2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தபோது நாங்கள் சைக்கிளுக்கு ஆலாய்ப் பறந்தோம். பிறகு கியூஆர் வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிள் பால்கனிக்குப் போய்விட்டது. சோம்பலா? இல்லை, பயம். காலி வீதியில் இடப்பக்கம் நிறுத்தி வைத்த கார், வலப்பக்கம் போட்டி போட்டு ஓடும் 100, 101 பஸ். நடுவில் ஒரு முழம் இடமில்லை. இதற்குள் 13 வயதுப் பிள்ளையை எந்த உம்மா அனுப்புவா?

ஒரு கோடு போட்டால் போதும் என்பவர்கள் 2020 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். லேன் சட்டம் என்று சொல்லி மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் பஸ் லேனுக்குள் தள்ளினார்கள். கூச்சல் எழுந்ததும் மாற்றினார்கள். அந்தக் கூச்சலில் சைக்கிள்காரரின் குரல் யாருக்குக் கேட்டது? பெயின்ட் எந்த பஸ்ஸையும் தடுக்காது. கொங்கிறீட் கட்டு வேண்டும்.

அதனால் காலி வீதியை இப்போதைக்கு விடுங்கள். நாங்கள் கேட்பது மரைன் டிரைவின் கடல் பக்கம். அங்கே ரயில் பாதை ஓடுவதால் குறுக்கு வீதிகள் இல்லை என்றே சொல்லலாம். திரும்பும் வாகனத்தில் அடிபடும் ஆபத்து குறைவு. கட்டு வைத்துப் பிரித்தால் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை பிள்ளைகள் போய் வரலாம். கஷ்டம் ஒன்றுதான்: மாலையில் காற்று வாங்க வருபவர்களின் கார்கள். காற்று வாங்கக் கார் எதற்கு என்பது வேறு கதை.

கொட்டாஞ்சேனைக்கு இது பொருந்தாது. ஜம்பட்டா வீதியில் தனிப் பாதைக்கு அகலம் எங்கே? அங்கே வேண்டியது வேகக் கட்டுப்பாடும், பாடசாலை விடும் நேரத்தில் லொறிகளுக்குத் தடையும்.

நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று நினைக்காதீர்கள். 1971இல் மட்டும் 400க்கு மேற்பட்ட சிறுவர்கள் அங்கே வீதியில் இறந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் பாதைகள் வந்தன.

வழியிலிருந்து இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பயானில் கேட்கிறோம். வெளியே வந்தால் ஜும்ஆவுக்கு வந்தவர்களின் கார்கள் ரோட்டில் இரண்டு வரிசை. முதலில் பள்ளி நிர்வாகங்கள் இதை ஒழுங்குபடுத்தட்டும்.

2025 மே மாதம் வாக்குக் கேட்டு எங்கள் படியேறிய மாநகர சபை உறுப்பினர்களே, மரைன் டிரைவை ஒருமுறை சைக்கிளில் ஓடிக் காட்டுங்கள். ஞாயிறு காலையில் அல்ல, திங்கள் பகல் 1.30க்கு, பாடசாலை விடும்போது.