விளையும் பயிரும் வரிசை எண்ணும்



சென்ற சனிக்கிழமை 12 வயதுக்குட்பட்டோருக்கான ஹாக்கிப் போட்டி முடிந்ததும், பெஸ்தாரி ஜெயாவில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் அருந்த அமர்ந்தேன். (நம்மில் பலருக்கு அவ்வூர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) பக்கத்து மேசையில் தந்தையர் ஐவர், ஆசிரியர் இருவர். மேசை நடுவே பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் ஒன்று. அதில் ஒன்று முதல் பத்து வரை எண்கள். எண்களுக்கு எதிரே நம் பிள்ளைகளின் பெயர்கள்.

விவாதம் சூடாக நடந்தது. முதல் எண் யாருக்கு? புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கு முதலாம் படிவத்தில் யார் போவார்? இளையோர் லீக்கில் ஆடும் அணிகளின் பார்வை யார் மீது விழும்? ஒருவர் தம் மகனை மூன்றாம் எண்ணில் போட்டதற்குக் குரலை உயர்த்தினார். இன்னொருவர் பேனாவை வாங்கி நான்காம் பெயரை அடித்து ஏழில் எழுதினார். அடிக்கப்பட்ட பெயருக்கு உரிய சிறுவன் அடுத்த மேசையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தான். தின்பதை நிறுத்திவிட்டுத் தாளையே பார்த்தான்.

அப்போது ஒரு தாய் என்னிடம் வந்தார். "டீச்சர், எம்மவன் எத்தனாவது?" என்று கேட்டார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே நோக்கி நின்றான். "நல்லா ஆடுறான்மா" என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்று சொல்லத் தவறிய விடையை இன்று எழுதுகிறேன்.

12 வயதுப் பிள்ளை வருங்காலத்தில் எத்தனையாவது ஆட்டக்காரன் ஆவான் என்று வரிசைப்படுத்தும் தகுதி எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அந்த வரிசையை அவன் காதில் விழும்படி பேசுவது அவனுக்குச் செய்யும் தீங்கு. தீங்கு என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன்.

இதையே தொழிலாகக் கொண்டவர்களின் கதையை முதலில் பார்ப்போம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் பனித்தரையில் ஆடப்படுவது; நம் ஆட்டம் வேறு. ஆயினும் இளம் ஆட்டக்காரர்களை எண் போட்டு வரிசைப்படுத்துவதற்கு அவர்கள் செலவிடும் பணமும் உழைப்பும் நாம் நினைத்தும் பார்க்க முடியாதவை. ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று ஆட்டம் பார்ப்பதற்கென்றே சம்பளம் பெறும் தேர்வாளர்கள் அங்கு உள்ளனர். அவர்கள் வரிசைப்படுத்துவது 18 வயதை ஒட்டிய இளைஞர்களை.

1999ஆம் ஆண்டுத் தேர்வில் அவர்கள் முதலாவதாக அழைத்த பெயர் பாட்ரிக் ஸ்டெஃபான். எதிர்பார்த்த உயரத்தை எட்டாமலேயே அவர் அந்த லீக்கை விட்டு நீங்கினார். அதே தேர்வில் 210ஆவதாக அழைக்கப்பட்டவர் ஹென்ரிக் செட்டர்பெரி. 2008இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது இறுதிக்கட்டப் போட்டிகளின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. பின்னாளில் அவ்வணியின் தலைவராகவும் ஆனார். அத்தனை கண்கள், அத்தனை குறிப்பேடுகள், 18 வயது. அப்படியிருந்தும் 209 பெயர்கள் அவருக்கு முன்னே நின்றன. நாமோ ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் ஆறுவதற்குள் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

சரி, நம் பட்டியல் எதைத்தான் அளக்கிறது? பெரும்பாலும் பிறந்த மாதத்தை அளக்கிறது என்பேன். சிரிக்க வேண்டாம். 1985இல் கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் ஆய்ந்தோரும் அந்நாட்டு இளையோர் ஹாக்கி வீரர்களின் பிறந்த நாள்களைத் தொகுத்துப் பார்த்தனர். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோர் மிகுந்தும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தோர் அருகியும் இருந்தனர். காரணம் எளியது. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி முதல் நாளைக் கொண்டு பிரிக்கப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி. மூத்தவன் உயரமாகவும் விரைவாகவும் இருக்கிறான், தேர்வாகிறான், கூடுதல் பயிற்சி பெறுகிறான், அதனால் உண்மையிலேயே சிறந்தவன் ஆகிறான். இளையவன் திடலோரத்தில் தண்ணீர்ப் புட்டி சுமக்கிறான்.

2013இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. தேசிய ஹாக்கி லீக்கின் தேர்வுகளை ஆராய்ந்த அவ்வறிஞர்கள், ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த வரிசை எண்ணைவிடச் சிறப்பாகவே பின்னாளில் ஆடினர் என்று கண்டனர். பின்தள்ளப்பட்டவர்களிடம் திறமை இருந்தது. எண் போட்டவர்களின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

நம் பள்ளிகளிலும் பிறந்த ஆண்டைக் கொண்டே பிள்ளைகளைப் பிரிக்கிறோம். தொலைதூரக் கனடாவின் குறை நம் கோலசிலாங்கூர் திடலிலும் அப்படியே இருக்கிறது. நம் நாட்டுக் கோல் காவலர் குமார் சுப்பிரமணியம் 1979 நவம்பரில் பிறந்தவர். 2018இல் புவனேசுவரத்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், 39 வயதில், நாட்டின் கோல் வாயிலைக் காத்து நின்றார். 12 வயதில் போடும் எந்தப் பட்டியலில் இவ்வளவு நீண்ட பயணத்துக்கு இடம் இருக்கிறது?

பிறந்த மாதத்தை அடுத்துப் பட்டியல் அளப்பது, பெற்றோரின் பணப்பையையும் திடலின் தரத்தையும். 1976 மொன்றியல் ஒலிம்பிக் முதல் உயர்நிலை ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. எங்கள் பள்ளியில் இருப்பது மேடுபள்ளமான புல்திடல். மழைக்காலத்தில் பந்து சேற்றில் நின்றுவிடும். அங்கே பயின்ற தோட்டத்துப் பிள்ளையை ஒருநாள் செயற்கைத் தரையில் இறக்கினால், பந்து அவன் எதிர்பார்ப்பதைவிட விரைந்து வரும். மட்டையைத் தாண்டி ஓடும். ஓரத்தில் நிற்பவர் "கை சரியில்லை" என்று குறித்துக்கொள்வார். அவன் கையில் குறையில்லை. அந்தத் தரையில் அவன் நின்றதே அன்றுதான். பூனாவுக்கு அருகே கட்கியில் வளர்ந்த தமிழ் வழியினரான தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளை ஒட்டிக் கட்டி ஆடிப் பழகியவர். அவரே 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். மலேசியக் கழகங்களுக்காகவும் இங்கு வந்து ஆடியிருக்கிறார். அந்த ஒட்டுப்போட்ட மட்டையோடு அவர் நம் தேர்வுக்கு வந்திருந்தால், நாம் முதலில் பார்த்திருப்பது எதை?

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடாதே, நேற்றைய அவனோடு இன்றைய அவனை ஒப்பிடு என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். தேர்விலும் எழுதினேன், நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆனால் 2014இல் ஒரு பயிற்சி முகாமுக்குத் திறன் வரிசைப்படி பத்துப் பெயர்கள் அனுப்புமாறு கேட்டபோது, மறுபேச்சின்றி எழுதிக் கொடுத்தேன். பதினொன்றாவதாக ஒருவன் மிஞ்சினான். டிசம்பரில் பிறந்தவன், தோட்டத்துப் பிள்ளை, வகுப்பிலேயே குள்ளம். பந்து அவன் மட்டையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கையை நான் அறிவேன். இருந்தும் உயரம் போதாது என்று விட்டுவிட்டேன். "நீ பதினொன்றாவது ஐயா, அடுத்த முறை பார்ப்போம்" என்று ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். அவன் மட்டையைக் கொண்டுபோய் விளையாட்டுப் பொருள் அறையில் வைத்தான். அதன்பின் பயிற்சிக்கு வரவில்லை.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஈஜோக்கில் ஒரு கடைவாசலில் என்னைக் கண்டு வணங்கினான். என்னைவிட ஒரு தலை உயரம். "இன்னும் ஆடுறியாப்பா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், நான்தான் பதினொண்ணாவதாச்சே" என்றான். கோபமில்லை, கிண்டலுமில்லை. தன் பெயரைச் சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னான். அன்றிரவு பழைய பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய பத்துப் பேரில் பெரும்பாலோர் ஆண்டின் முற்பாதியில் பிறந்தவர்கள். அவர்களில் எவரும் இன்று லீக்கில் ஆடவில்லை. முதல் எண் பெற்றவன் இரண்டாம் படிவத்திலேயே மட்டையைக் கீழே போட்டுவிட்டான். எல்லாரும் தன்னையே பார்ப்பது பாரமாக இருந்ததாம். ஒரு தாளில் பதினொரு பிள்ளைகளுக்கு நான் செய்தது இது.

இதற்கு மறுப்பு வரும் என்று அறிவேன். "விளையும் பயிர் முளையிலே தெரியும் டீச்சர்" என்பார்கள். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இப்பழமொழி இனிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வயலில் எல்லா முளைக்கும் ஒரே வாய்க்கால் நீர் பாய்கிறது. என் தந்தையார் தோட்டத்தில் செம்பனைக் கன்று வளர்க்கும் நர்சரியில் வேலை செய்தவர். ஒரே மண், ஒரே பை, ஒரே நீர் கொடுத்து, மாதக்கணக்கில் வளர்த்த பிறகே எது நோய்க்கன்று என்று பார்ப்பார். ஒரே நாளில் ஊன்றிய கன்றுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடுவார். கன்றுக்குக் காட்டும் நியாயத்தைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

"வள்ளுவரே தெரிந்துதெளிதல் என்று அதிகாரம் வகுத்திருக்கிறாரே" என்றார் நண்பர் ஒருவர். உண்மைதான். அது பொருட்பாலில், ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தத் தக்கவரை ஆராய்ந்து தேர்வதைச் சொல்லும் அதிகாரம். ஆறாம் ஆண்டு மாணவனுக்கு அதை அளவுகோலாக்கினால் வள்ளுவர் நம்மை மன்னிக்க மாட்டார்.

வலுவான மறுப்பு வேறொன்று. "1975இல் கோலாலம்பூர் உலகக் கிண்ணத்தில் நம் நாடு நான்காம் இடம் பெற்றது. அணித்தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன் போன்றோர் உடன் ஆடினர். 2000 சிட்னிக்குப் பிறகு ஒலிம்பிக்கை எட்டவில்லை. இன்று நம் இனப் பிள்ளைகளில் ஒருவனையாவது மேலே ஏற்ற வேண்டாமா?" இந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் 2013இல் புதுடில்லி இளையோர் உலகக் கிண்ணத்தில் நாம் நான்காம் இடம் பெற்றபோதும், ரசிகர்கள் இதேபோல் எண் போட்டு மகிழ்ந்தார்கள். அந்த இளைஞர்கள் முதிர்ந்த காலத்தில் ரியோ, தோக்கியோ, பாரிஸ் என மூன்று ஒலிம்பிக் போட்டிகள் கடந்தன. மூன்றிலும் நாம் இல்லை. குறை அந்தப் பிள்ளைகளுடையதன்று. மேலே சிலரை எண்ணிக்கொண்டிருப்பதால் கீழே பலர் உருவாவதில்லை. ஒரே ஒருவனை ஏற்ற வேண்டுமானாலும், நூறு பேர் கையில் மட்டை இருக்க வேண்டும். அந்த நூறு பேரும் 16 வயது வரை ஆட்டத்தை விடாமல் இருக்க வேண்டும்.

அணியே தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் தேர்ந்தே ஆக வேண்டும். இன்று யார் ஆடுவது என்பது ஆசிரியரின் வேலை. நாளை யார் என்ன ஆவார் என்பது எவருடைய வேலையும் அன்று. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டபோது, பிள்ளைகளை ஏக்களால் எடைபோடும் கொடுமை ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்கள் நாம். வகுப்பறையிலிருந்து வெளியேறிய அந்தத் தராசைத் திடலில் கொண்டுபோய் நிறுத்துவது எந்த வகையில் நியாயம்?

இவ்வாண்டும் என் மேசைக்கு அதே கடிதம் வந்திருக்கிறது: திறன் வரிசைப்படி பத்துப் பெயர்கள். இம்முறை பயிற்சிக்கு ஒழுங்காக வரும் அனைவரின் பெயரையும் அகரவரிசையில் அனுப்புகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதம், ஆடிப் பழகிய ஆண்டுகள், செயற்கைத் தரையில் ஆடியது உண்டா இல்லையா என்னும் விவரங்கள் இருக்கும். எண் இராது. ஏற்றுக்கொள்ளாமல் போகலாம், எங்கள் பள்ளிக்கு அழைப்பே வராமலும் போகலாம். அந்த இழப்பைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சிலர் வருந்தினர், ஒருவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆசிரிய நண்பர்களே, நீங்களும் உங்கள் பட்டியலின் ஓரத்தில் பிறந்த மாதத்தை எழுதிப் பாருங்கள். முதற்பாதி நிரம்பியிருந்தால் உங்கள் கண்ணைச் சற்றே ஐயுறுங்கள். குட்டையான பிள்ளைக்கும் ஆட்டத்தில் நேரம் கொடுங்கள். பெற்றோர்களே, வீடு திரும்பும் வழியில் "யார் முதல்?" என்று கேட்காதீர்கள்; "இன்று எதைப் புதிதாகச் செய்தாய்?" என்று கேளுங்கள்.

அந்தத் தாய்க்கு என் விடை இதுதான். அம்மா, உங்கள் மகனுக்கு எண் கிடையாது. அவனுக்குப் பெயர் இருக்கிறது. புதன்கிழமை மாலை மூன்று மணிக்குப் பயிற்சி. தவறாமல் அனுப்பி வையுங்கள்.