சிப் கம்பெனியின் பாகப்பிரிவினை: சம்பளத்தோடு கடனையும் பாருங்க!

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்ஃபினியான், என்எக்ஸ்பி எல்லாம் தெரிந்த பெயர்கள்தான். இரண்டுக்கும் பெங்களூருவில் டிசைன் மையங்கள் இருக்கு. ஆனால், இரண்டுமே புதிதாகத் தொடங்கிய கம்பெனிகள் இல்லை. தாய் நிறுவனத்திடமிருந்து பிரிந்து வந்தவை.

யார், எப்போது பிரிந்தார்கள்?

ஜெர்மனியின் சீமென்ஸ், தன் சிப் பிரிவை 1999-ல் இன்ஃபினியான் எனத் தனியாக்கியது. மோட்டோரோலாவிலிருந்து 2004-ல் ஃப்ரீஸ்கேல் பிரிந்தது. 2006-ல் பிலிப்ஸ் தன் சிப் பிரிவின் 80.1 சதவீதப் பங்கை முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. அதுதான் இன்றைய என்எக்ஸ்பி.

ஏன் பிரிக்கிறார்கள்?

சிப் தொழில் ஒரு போகம் அமோகம், மறு போகம் சாவி என்கிற கதைதான். விலை ஏறினால் லாபம் கொட்டும். இறங்கினால் பெரிய நஷ்டம். எப்படி இருந்தாலும் ஆலைக்குப் பணம் போட்டுக்கிட்டே இருக்கணும். போன், டிவி விற்கும் தாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பிடிக்காது.

இன்னொன்று, போன் விற்கும் கம்பெனியிடமே சிப் வாங்க அதன் போட்டியாளர் தயங்குவார். தனியாக வந்துவிட்டால் எல்லோருக்கும் விற்கலாம்.

அப்போ பிரிவது நல்லதுதானே?

நல்லதுதான், பங்கு நியாயமாகப் பிரிந்தால். டெல்டாவில் பாகப்பிரிவினை என்றால் எத்தனை மா நிலம் என்பதோடு யாரும் நிறுத்த மாட்டார்கள். தலைமடையா கடைமடையா, சொசைட்டிக் கடன் யார் தலையில் என்றும் கேட்பார்கள். சிப் கம்பெனிக்கும் அதே கேள்விகள்தான்.

ஃப்ரீஸ்கேலை 2006-ல் முதலீட்டு நிறுவனங்கள் 1,760 கோடி டாலருக்கு வாங்கின. அதற்காக வாங்கிய பெரும் கடன் அந்தக் கம்பெனியின் கணக்கிலேயே ஏறியது. வட்டியே சுமையானது. 2015-ல் என்எக்ஸ்பியோடு இணைந்து, ஃப்ரீஸ்கேல் என்ற பெயரே மறைந்தது.

இன்ஃபினியானும் 2006-ல் தன் மெமரி சிப் பிரிவைக் கிமோண்டா எனப் பிரித்துவிட்டது. கிமோண்டாவின் கையில் இருந்தது ஒரே பயிர். மெமரி விலை சரிந்ததும் 2009 ஜனவரியில் திவால் மனு போட்டது. காருக்கும் மின்கருவிகளுக்கும் சிப் செய்யும் இன்ஃபினியானோ இன்று உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று.

சரி, இதில் நமக்கு என்ன?

நகையை அடகு வைத்து, கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீடுகள் இங்கே அதிகம். ஆஃபர் லெட்டரில் இருக்கும் பிரபலமான தாய் நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. கம்பெனிக்குக் கடன் எவ்வளவு? தாய் நிறுவனத்தைத் தவிர வேறு வாடிக்கையாளர் உண்டா? ஒரே பொருளை நம்பி இருக்கிறதா? பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் ஆண்டறிக்கையிலேயே பதில் இருக்கும். நிலம் வாங்கும் முன் வில்லங்கம் பார்ப்பவர்கள், வேலையில் சேரும் முன்பும் அதைப் பார்க்கணும்.