வீடு காணியை விழுங்கக்கூடாது

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் ஒன்று ஊர் திரும்பும் வேளையில் முதலில் விசாரிப்பது வீட்டைப் பற்றியே. சுவர் நிற்கிறதா, கூரை மிஞ்சியிருக்கிறதா, திருத்த எவ்வளவு முடியும் என்று கேட்கிறோம். கிணற்றையும் தோட்டத்தையும் பற்றிய பேச்சு பின்னரே வருகிறது. இந்த ஒழுங்கை மாற்றவேண்டும் என்பது எமது கருத்து. கிணறும் காணியும் சோறு போடுபவை. சோறு போடும் காணியை ஈடுவைத்து வீடு கட்டுபவர் கடைசியில் இரண்டையும் இழக்க நேரிடலாம்.

இதற்கு அனுபவம் உண்டு. 2012 இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. குடும்பமே முன்னின்று கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. திட்டத்தின் அளவோடு நின்றவர்கள் ஒருவாறு கட்டி முடித்தார்கள். "கட்டுவது ஒருமுறைதானே" என்று அத்திவாரத்தை அகலப்படுத்தியவர்கள் பலர் சுவர் மட்டத்தில் நின்றார்கள். பிறகு நகை அடைவுக்குப் போயிற்று; நுண்கடன் வந்தது; வாராந்தத் தவணைக்காக விதை வெங்காயமும் விற்கப்பட்டது. விதையை விற்ற வீட்டில் அடுத்த போகத்துக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே எந்த வேலையை முதலில் செய்வது என்று குடும்பமாக இருந்து தீர்மானியுங்கள். எமது யோசனை இதுதான்: முதலில் காணியின் பாதுகாப்பு, பிறகு கிணறு, பிறகு மலசலகூடம், அதன்பின் ஒழுகாத கூரையுள்ள ஓர் அறை. மிகுதி அறைகளை விளைச்சலைப் பார்த்துக் கட்டலாம்.

காணியில் கால் வைக்குமுன், அது மிதிவெடி அகற்றப்பட்ட பகுதியா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பற்றை வெட்டும்போதோ பழைய கிணற்றை இறைக்கும்போதோ சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடவேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு உடனே அறிவியுங்கள். பல வருடம் பாழடைந்து கிடந்த கிணற்றில் நச்சுவாயு தங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது; அணையவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்றும் சொல்லமுடியாது. மேலே ஆட்கள் நிற்காமலும் இடுப்பில் கயிறு கட்டாமலும் ஒருவரும் இறங்கக்கூடாது. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே வேண்டாம். அதன் புகை ஆளைக் கொன்றுவிடும். கடலோரக் கிணறுகளை ஒரேயடியாக ஒட்ட இறைத்தால் உவர்நீர் ஏறும். சிறிது சிறிதாகப் பல நாட்கள் இறைப்பதே நல்லது.

பழைய சுவர் நிற்கிறது என்பதற்காக அதன்மேல் கூரையை ஏற்றிவிடக் கூடாது. கூரையின்றிப் பல மாரி கண்ட சுவரின் மேல்வரிசைகள் இளகியிருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, சுவரைச் சுற்றிக் கம்பி வைத்த கொங்கிறீற் வளையம் போட்டபின் கூரை வைக்கலாம். அரசும் ஆலும் வேர்விட்ட சுவரில் மேலே தெரியும் கிளையை மட்டும் வெட்டினால் மரம் திரும்பத் தளிர்க்கும். வேர் ஓடிய பகுதியைப் பிரித்துத்தான் கட்டவேண்டும். உடைந்த அஸ்பெஸ்ரஸ் தகடுகளை மேலும் நொருக்காமல், தண்ணீர் தெளித்து முழுதாக அகற்றுங்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். கடல்மணலை அப்படியே கொங்கிறீற்றுக்குப் பயன்படுத்தினால் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு என்ற அளவு சாதாரண வேலைக்குப் போதும். போட்ட கொங்கிறீற்றைக் குறைந்தது 7 நாட்களாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை, ஆயினும் அதிகமாகக் கைவிடப்படும் வேலை இதுவே. கூரை வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்கத் திட்டமிடுங்கள். அப்படிச் செய்தால் காலபோக விதைப்பு நேரத்தில் வீட்டுவேலை கையைப் பிடித்து இழுக்காது.

அடுத்தது மேசன்மாரும் கொந்தராத்துக்காரரும். நேர்மையான தொழிலாளர் எம் ஊர்களில் நிறையவே உண்டு. ஆயினும் வாய்ப்பேச்சில் தொடங்கிய வேலை மனஸ்தாபத்தில் முடிவதையும் காண்கிறோம். முழு வீட்டையும் ஒரே தொகைக்குப் பேசிக் கொடுக்காதீர்கள். 2022 இல் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாவை எட்டியபோது, முழுத்தொகைக்குப் பேசிய வேலைகள் இடையில் நின்றதில் வியப்பில்லை. சாமான்களை நீங்களே வாங்குங்கள். கூலியை மட்டும் பேசுங்கள். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அதற்குரிய கூலியைக் கொடுங்கள். ஒரு கிழமைக் கூலிக்கு மேல் முற்பணம் வேண்டாம். பத்தில் ஒரு பங்கை முதல் மழை பெய்து ஒழுக்குப் பார்க்கும்வரை வைத்திருப்பதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி, இரு சாட்சிகளுடன் இரு பகுதியாரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். கூலி கொடுக்கும் நாளில் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவர் உடன் நிற்பது பெரும் துணை. அயலில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சாமான் இறக்கினால் லொறிக் கூலியும் குறையும்.

இனிக் காணி வாங்குவதும் விற்பதும். வெளிநாட்டில் உள்ள பிள்ளை அனுப்பும் பணத்தில் "றோட்டுக்கரையில் ஒரு துண்டு வாங்கிப்போட்டால் விலை ஏறும்" என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். விலை ஏறலாம், ஏறாமலும் விடலாம். வாங்கிப்போட்ட வெறுங்காணி ஒரு கொத்து நெல்லும் தராது. அதே பணத்தில் சொந்தத் தோட்டத்துக்குக் கிணறும் வேலியும் நீர்க்குழாயும் அமைந்தால் அடுத்த போகத்திலேயே பலன் தெரியும். அப்படியும் வாங்குவதென்றால் உறுதியைப் பாருங்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியது செல்லாது. காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடி, ஈடு, வழக்கு ஏதும் உண்டா என்று அறியுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியைத் தனியார் காணிபோல விற்கவோ வாங்கவோ முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட பங்குக் காணியானால், ஏனைய பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதையும் மறக்கவேண்டாம்.

இன்னும் ஊர் திரும்பாத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களில் மயிலிட்டித் துறைமுகப் பகுதியார் 2017 ஜூலையில்தான் தம் மண்ணில் கால் வைத்தார்கள். அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் நீண்ட காலம் காத்திருந்தார்கள். காத்திருந்து களைத்தவரிடம்தான் மலிவு விலை பேசப்படுகிறது. வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். வாசித்து விளங்காத அற்றோணித் தத்துவத்தை எவருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் காணியில் வேறொருவர் இருந்தால் பேசாமல் விடவேண்டாம். 10 வருட ஆட்சி உரிமைகோரலுக்கு வழிவிடும். போரினால் இடம்பெயர்ந்தோருக்காக 2016 இல் ஒரு விசேட சட்டமும் நிறைவேற்றப்பட்டது. அது உங்கள் விடயத்துக்குப் பொருந்துமா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டறியுங்கள்.

நல்ல வீடு மனிதருக்கு மதிப்பு, பெண்பிள்ளைக்குச் சீதனம், இத்தனை வருடம் பிறர் திண்ணையில் இருந்த எமக்கு அதுவும் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். அந்த ஏக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கடனில் எழும்பிய வீட்டில் கடன்காரரின் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு போகத்தில் ஓர் அறை, அடுத்த போகத்தில் விறாந்தை என்று வளரும் வீட்டில் நிம்மதியாகப் படுக்கலாம். காணி கையில் இருக்கும்வரை வீட்டை எப்போதும் கட்டலாம். போன காணியை மீட்பது எத்தனை கடினம் என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?